நீலத்தில் இரண்டு பேர்

ஏப்ரல் 14, செவ்வாய்

ஆசீர் அண்ணன் அனுப்பிய ஃபோன் இன்று வந்து சேர்ந்தது. டல்லாஸில் அவனுடைய சபையில் இருக்கும் யாரோ ஒருவரின் மாமனார் கொண்டுவந்தார். வந்த நேரம், அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம். "அப்பாவப் பாத்துட்டுப் போகட்டுமா" என்று கேட்டார். தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டை வெயிலில் வந்த மனிதருக்கு ஒரு வாய் மோர்கூடக் கொடுக்கத் தோன்றவில்லை. கை அப்படி இருந்தது.

ஐபோன். அண்ணன் புதிது வாங்கிவிட்டதால் பழையது நமக்கு. சாயங்காலம் கூப்பிட்டான்.

"கிருபா, அத ஸ்டாண்டுல மாட்டி அப்பா கட்டில் பக்கத்துல வச்சிரு. ஒன் வாட்ஸ்அப்ப அதுலயும் இணைச்சுக்க. ஒன் ஃபோன்ல அப்பா மொகம் கட்டங்கட்டமாத் தெரியுது."

"ஒன் கணக்கெல்லாம் எடுத்துட்டியாண்ணே?"

"சிம்ம எடுத்தாச்சு. வேற ஒண்ணையும் தொடாத. தொட்டா பாஸ்வேர்டு கேக்கும். அப்புறம் நான் இங்க இருந்து ஒனக்குச் சொல்லிக்கிட்டு இருக்கணும்."

தொடவில்லை. வாட்ஸ்அப்பை மட்டும் இணைத்தேன். பதினெட்டு வருஷம் வேதியியல் நடத்தினவள், இதற்கு ஒருத்தர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

கரண்டு இல்லை. அப்பாவுக்கு விசிறி வீசியே பொழுது போயிற்று.

ஏப்ரல் 19, ஞாயிறு

சாயங்காலம் குடும்ப ஜெபம். டல்லாஸில் அண்ணன், பெங்களூரில் எமீமா அக்கா, இங்கே நானும் அப்பாவும். புது ஃபோனில் அப்பா முகம் நன்றாகத் தெரிகிறதென்று அக்கா நான்கு தரம் சொன்னாள். அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையும் தெரிந்தது போலிருக்கிறது, அதைத் துடைக்கச் சொன்னாள். அண்ணன் ஜெபத்தில் "அப்பாவைத் தாங்குகிற எங்கள் தங்கையின் கரங்களுக்குப் பெலன் தாரும்" என்றான். ஆமென் சொன்னேன். அந்தக் கரங்களில் ஒன்றுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

இன்று எழுத வேண்டியது அதுவல்ல. கோத்தகிரியிலிருந்து மிஸ் அடைக்கலமேரி எழுதியிருக்கிறார். முன்பு எங்கள் பள்ளியில் உதவித் தலைமையாசிரியையாக இருந்தவர், இப்போது அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமை. மலையில் நெட் நிற்காதென்று அவர் வாட்ஸ்அப் வைத்துக்கொள்வதில்லை, சாதாரண மெசேஜ்தான். காஸ் கம்பெனியும் ரேஷன் கடையும் பேங்கும் தவிர என் மெசேஜ் பெட்டிக்குள் மனுஷர் யாரும் வருவதில்லை என்பதால், அதைக் காலையில் பார்க்கவே இல்லை. ப்ளஸ் டூவுக்கு வேதியியல், கூடவே விடுதிப் பொறுப்பு, தங்க அறை. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். மே பத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

எனக்கு நாற்பத்தாறு வயது. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டேன். விட்டவளை எவரும் திரும்பக் கூப்பிடுவதில்லை. இது கூப்பிட்டிருக்கிறது.

"அப்பா" என்ற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். வேலை வந்திருக்கிறது, போக ஆசைப்படுகிறேன், அப்பாவுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம், இரண்டு பேரும் யோசித்துச் சொல்லுங்கள் என்று. அந்தக் குழுவில் நான் தினமும் எழுதுகிறேன். எத்தனை இட்லி, வயிறு போயிற்றா, பிரஷர் எவ்வளவு என்று. அக்காவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும். அண்ணனிடமிருந்து கூப்பிய கை வரும். இன்று இரண்டும் வரவில்லை. யோசிக்கிறார்கள் போல.

ஏப்ரல் 20, திங்கள்

மத்தியானம் அப்பாவுக்குக் குழைத்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டில் இருந்த ஃபோனின் மேல்பக்கத்தில் ஒரு பட்டை இறங்கியது. எமீமா அக்கா பெயர். "கிருபா போட்டதப் பாத்தியாண்ணே?"

எனக்கு வந்ததென்றுதான் முதலில் நினைத்தேன். என்னை ஏன் அண்ணே என்கிறாள் என்று யோசிக்க இரண்டு உருண்டை நேரம் பிடித்தது.

தொட்டுப் பார்த்தேன். வாட்ஸ்அப் இல்லை. அந்த ஃபோனிலேயே இருக்கிற மெசேஜ். அண்ணன் தன் கணக்கை எடுக்க மறந்திருக்கிறான். அவனுக்கு வருவதெல்லாம் இங்கேயும் வருகிறது. அக்கா எழுதுவது இடப்பக்கம் சாம்பல் நிறத்தில். அண்ணன் எழுதுவது வலப்பக்கம் நீலத்தில், நான் எழுதியதுபோல.

வைத்துவிட்டேன். அடுத்தவர் பேச்சு நமக்கு எதற்கு.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன். அவர்கள் இங்கிலீஷும் தமிழும் கலந்து எழுதுகிறார்கள். நான் நம் பேச்சில் குறித்துவைக்கிறேன்.

அண்ணன்: பாத்தேன். ஒண்ணும் சொல்லாத.

அக்கா: ஏதாவது சொல்லணுமே.

அண்ணன்: நீ நல்ல வாய்ப்புன்னு போடு. நான் ஜெபம் பண்ணுதேன்னு போடுதேன். ரெண்டு வாரத்துல தானா அடங்கிரும்.

பத்து மணிக்குக் குழுவில் அக்கா எழுதினாள்: நல்ல வாய்ப்பு கிருபா, கர்த்தர் வழிகாட்டுவார். பத்தேகாலுக்கு அண்ணன்: ஜெபிக்கிறேன். கூடவே கூப்பிய கை.

நாடகத்தின் வசனத்தை முன்கூட்டியே படித்துவிட்டுப் பார்க்கப் போனால் சுவை இருக்காது. எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அடி பிடித்த பால் சட்டியை இன்று வெள்ளையாகத் தேய்த்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

அப்பா இன்று கேப்பைக் கூழைத் துப்பிவிட்டார். "வேண்டாம்" என்று கத்தினார். விழுந்த பிறகு அவருக்கு மிஞ்சியது இரண்டே வார்த்தை, சரி, வேண்டாம். முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினவர். இந்த இரண்டையும் அவர் இடம் மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

ஃபோனைச் சமையலறைக்குள் எடுத்துப் போவது அங்கே சார்ஜர் இருப்பதால்தான்.

மேலே மேலே தள்ளிப் படித்தேன். எல்லாம் இருக்கிறது. அப்பாவின் பிறந்தநாளுக்கு எவ்வளவு நேரம் பேசுவது என்பதிலிருந்து. ஒரு காலத்தில் என்னையும் இந்த மெசேஜில் சேர்த்து மூன்று பேராக வைத்திருந்தார்களாம். ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போனால்தான் நீலமாம், என் ஃபோன் வேறு கம்பெனி. நான் சேர்ந்ததும் எல்லாம் பச்சையாகிவிட்டதாம், படமெல்லாம் தேய்ந்து போனதாம். "அவளுக்கு வாட்ஸ்அப் போதும், நாம இதுலயே இருப்போம்" என்று அக்கா எழுதியிருக்கிறாள். அண்ணன் வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போட்டிருப்பதாகச் சொல்கிறான். சபைக் குழு, சொந்தக்காரர் குழு, காலை வணக்கம், பூப்படம், எல்லாவற்றோடும் அப்பாவின் இட்லிக் கணக்கும் சேர்ந்து அவனுக்கு வாட்ஸ்அப் என்றாலே தலைவலியாம்.

நான் வாட்ஸ்அப்பை எவ்வளவு மெச்சியிருக்கிறேன். எந்த ஃபோனாக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், எல்லாரும் ஒரே பச்சை என்று நானே அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அது எங்கள் மூன்று பேருக்கும் பொதுவான வீடு என்று நினைத்திருந்தேன். அது எனக்காக வைத்த முன்னறை. பேச்செல்லாம் உள்ளறையில்.

போன டிசம்பரில் அக்கா, "ஒரு நர்ஸ் வச்சிரலாமாண்ணே, கிருபா மெலிஞ்சு போயிட்டா" என்று கேட்டிருக்கிறாள். அதற்காக அவளுக்கு நன்றி. அண்ணன் எழுதிய பதில் வலப்பக்கம் நீலத்தில் இருக்கிறது, நான் என்னைப் பற்றியே எழுதிக்கொண்டதுபோல.

"எதுக்கு? அவளுக்கு வேற என்ன இருக்கு."

வெங்காயம் நறுக்க வேண்டியிருந்தது.

மே 3, ஞாயிறு

இன்று ஒன்று செய்யப் பார்த்தேன்.

சாப்பாடெல்லாம் முடிந்து அப்பா கண்ணயர்ந்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தேன். இதிலிருந்து நான் எதை எழுதினாலும் அது அண்ணன் எழுதியதாகத்தான் அக்காவுக்குப் போகும். அவன் எழுதுகிற மாதிரியே எழுதினேன். "அவ போகட்டும் எமி. நான் வாரேன்." விரலை அனுப்பும் இடத்துக்குக் கொண்டுபோவதற்குள் அக்காவிடமிருந்து வந்துவிட்டது.

"என்னண்ணே, டைப் பண்ணிக்கிட்டே இருக்க? சொல்லு."

நான் எழுதுவது அங்கே அவளுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்பது எனக்கு எங்கே தெரியும். எல்லாவற்றையும் அழித்தேன். கொஞ்ச நேரத்தில் நிஜ அண்ணன் வந்தான்.

"நானா? இப்பத்தான எந்திரிச்சேன்."

"புள்ளி ஓடிச்சே."

"ஃபோன் கிறுக்குப் புடிச்சு அலையுது."

அக்கா சிரித்து வைத்தாள். நானும் சிரித்தேன். மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்து எத்தனையோ நாளாகிறது, அது அவர்களுக்குத் தெரியாது என்றாலும்.

பிறகு வெட்கமாக இருந்தது. அவன் வாயிலிருந்து வர வேண்டியதை நான் எழுதி நானே அனுப்பினால் அதில் என்ன இருக்கிறது.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அண்ணன், "கிருபா, அந்த வேலை என்னாச்சு?" என்று கேட்டான். பாத்துக்கிட்டு இருக்கேன் என்றேன். "கர்த்தருக்குச் சித்தமானா நடக்கும்" என்றான்.

மே 6, புதன்

கோத்தகிரியிலிருந்து மறுபடி மெசேஜ். "முடிவு சொல்லும்மா. வேறொருத்தியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

காலையில் அப்பாவைக் குளிப்பாட்ட ஒரு மணி நேரம் வரும் செல்லக்கனி அக்காவிடம் சொன்னேன். அப்பாவின் தோளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிக்கொண்டே கேட்டாள்.

"போவ வேண்டியதுதானட்டி?"

"அப்பாவ யாருக்கா பாக்க?"

"ஏன், அவ்வொ ரெண்டு பேரும் எதுக்கு இருக்காவ?"

"அவங்களுக்கு வேலை இருக்கு."

"ஒனக்குந்தான இப்ப வேலை வந்திருக்கு. பிடி, கால நல்லாப் பிடி."

போகும்போது வாசலில் நின்று வழக்கம்போல, "சாப்டியாட்டி?" என்றாள். இந்த வீட்டில் என்னிடம் அதைக் கேட்கிறவள் அவள் ஒருத்திதான். குழுவில் அப்பா என்ன சாப்பிட்டார் என்று இரண்டு வருஷத்துக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறேன், நான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்டதில்லை. நானும் எழுதினதில்லை.

மே 8, வெள்ளி

அப்பாவிடம் சொன்னேன். நாற்காலியைக் கட்டிலுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். கோத்தகிரியில் வேலைப்பா. வேதியியல். தங்க இடமும் தராங்க. நான் போனா ஒங்களப் பாக்க வேற யாராவது வருவாங்க. யாருன்னு இன்னும் தெரியல.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. மற்றதில் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும்.

"சரி" என்றார்.

"நெசமாவாப்பா? வேண்டாம்னா சொல்லுங்க, நான் போகல."

"சரி."

வேண்டாம் என்ற வார்த்தை அவரிடம் இருக்கிறது. கேப்பைக் கூழுக்கு அதை ஊர் கேட்கச் சொல்கிறவர்.

மே 9, சனி

காலையில் மிஸ் அடைக்கலமேரிக்கு என் ஃபோனிலிருந்து சாதாரண மெசேஜில் எழுதினேன்: ஜூன் ஒன்றாம் தேதி வந்து சேருகிறேன் மிஸ். உடனே பதில்: "கம்பளி எடுத்து வா."

அதன் பிறகு ஸ்டாண்டிலிருந்து அந்த ஃபோனை எடுத்தேன். புள்ளி ஓடட்டும் என்று நிதானமாக எழுதினேன்.

"அண்ணே, அக்கா, இது கிருபா. நீங்கள் பேசுவது எல்லாம் அண்ணன் கொடுத்த இந்த ஃபோனில் வந்துகொண்டிருக்கிறது. நான் ஜூன் ஒன்றாம் தேதி கோத்தகிரியில் வேலைக்குச் சேருகிறேன். சம்மதம் சொல்லியாகிவிட்டது. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். முப்பத்தொன்றாம் தேதிக்கு மேல் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று இங்கேயே பேசி முடிவு பண்ணுங்கள். நான் படித்துக்கொண்டிருக்கிறேன்."

அனுப்பினேன். நீலத்தில் போயிற்று. அந்தப் பக்கத்தில் நிஜமாகவே நான் எழுதிய ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது.

பயந்துதான் போயிருந்தேன்.

மே 10, ஞாயிறு

அந்தப் பெட்டி காலியாக இருக்கிறது. திறந்தால் அண்ணனின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அங்கிருந்தே தன் கணக்கை எடுத்துவிட்டான்.

அக்கா கூப்பிட்டாள். "அடுத்தவங்க மெசேஜப் படிக்கலாமா கிருபா? இதான் நாம வளந்த வளப்பா?"

"படிக்கக் கூடாதுதான்க்கா."

"அப்புறம்?"

"அத நான் எழுதலயே. நீங்கதான எழுதுனீங்க."

அழுதாள். நர்ஸ் வைக்கலாம் என்று அவள் கேட்டதைப் படித்தாயா என்றாள். படித்தேன் என்றேன். படித்தேன், சந்தோஷமாக இருந்தது, அதன் பிறகு நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றேன். அத்தான் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு யாரும் வரவில்லை. அப்பாவுக்குச் சட்டை மாற்றித் தலை சீவி ஃபோனுக்கு முன்னால் உட்காரவைத்திருந்தேன். திரையில் அவர் முகமே அவருக்குத் தெரிந்தது. ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் படுக்கவைத்தேன்.

மே 11, திங்கள்

ஒன்றும் இல்லை. நான் செய்தது தப்போ.

மே 13, புதன்

அண்ணன். வீடியோ இல்லை, வெறும் ஃபோன்.

"எப்ப இருந்து படிச்ச?"

"ஃபோன் வந்த வாரத்துல இருந்து."

"பழசும் படிச்சியா?"

"படிச்சேன்."

அவன் பின்னால் ஏதோ நாய் குரைத்தது.

"அது... ஒனக்கு வேற என்ன இருக்குன்னு..."

"நீதான் எழுதியிருந்தண்ணே."

"அன்னைக்கு ஆபீஸ்ல ஏதோ டென்ஷன்ல..."

பதில் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அது பொய்யாகியிருக்கும்.

"நான் வாரேன் கிருபா" என்றான். "ஆறு வாரம் அங்க இருந்தே வேலை பாக்குதேன்னு கேட்டிருக்கேன். பெறகு எமி வருவா. அதுக்குள்ள ஒரு ஆள் வைப்போம்."

நான் அவனுக்காக எழுதி அழித்த அதே இரண்டு வார்த்தை. அவன் வாயால் கேட்கையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. குக்கர் கூப்பிடுகிறது என்று சொல்லி வைத்தேன்.

மே 28, வியாழன்

அண்ணன் வந்துவிட்டான். இங்கே ஒரு சிம் வாங்கித் தன் ஃபோனில் போட்டுக்கொண்டான். தலை நிறைய நரைத்திருக்கிறது, வீடியோவில் அது தெரியவில்லை. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பா நல்ல கையால் அவன் தலையைத் தடவினார்.

மே 29, வெள்ளி

அப்பாவை எப்படிப் புரட்டுவது என்று சொல்லிக்கொடுத்தேன். முதலில் முழங்காலை மடக்கணும், பிறகு தோள், பிறகு இடுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். துணியை மாற்றும்போது கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்து, "தெனமுமா?" என்று கேட்டான்.

"தெனமுந்தான்."

செல்லக்கனி அக்கா அவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

மே 30, சனி

பெட்டி கட்டினேன். கம்பளி என்று சொல்லிக்கொள்ள எதுவும் என்னிடம் இல்லை. இந்த ஊரில் யாரிடம் இருக்கும்.

மே 31, ஞாயிறு

கிளம்பும்போது அப்பாவின் வாயைத் துண்டால் துடைத்துவிட்டேன். "வேண்டாம்" என்றார். துண்டைத்தான் சொன்னார். சொரசொரப்பான துண்டு அது, அவருக்குப் பிடிக்காது.

ஜூன் 7, ஞாயிறு, கோத்தகிரி

குளிர்கிறது. மிஸ் அடைக்கலமேரி தன் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்திருக்கிறார். விடுதியில் காலையில் எல்லாருக்கும் சேர்த்து மணி அடிக்கிறார்கள். எனக்கும் ஒரு தட்டு வைக்கிறார்கள். இன்னொருத்தர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவது பழக இன்னும் கொஞ்சம் நாளாகும். மணிக்கட்டு வீக்கம் வடிந்திருக்கிறது.

நெட் விட்டுவிட்டு வருகிறது. மத்தியானம் கொஞ்சம் வந்தபோது வாட்ஸ்அப் திறந்துகொண்டது. "அப்பா" குழுவில் அண்ணன் எழுதியிருக்கிறான். அவன் அதில் இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை.

"காலைல ரெண்டு இட்லி. மூணாவது துப்பிட்டாங்க. வயிறு நேத்தும் போகல இன்னைக்கும் போகல. பிரஷர் மிஷின் ஏதோ எர்ரர் காட்டுது. முதுகுல ஒரு எடம் செவந்திருக்கு, படம் போட்டிருக்கேன், என்ன தடவணும்னு சொல்லுங்க. ராத்திரி தூங்கவே இல்ல. அப்பாவும் நானும்."

அதற்குக் கீழே அக்காவின் கட்டைவிரல்.

முதுகில் என்ன தடவ வேண்டும் என்று எழுதினேன். மிஷினில் பேட்டரியை மாற்று என்று எழுதினேன். முடித்துவிட்டு என் விரலும் தானாகவே அந்தக் கட்டைவிரலைத் தேடிப் போயிற்று. எடுத்துவிட்டேன், அனுப்பவில்லை. எவ்வளவு சுலபமாக வருகிறது அது. அவர்கள் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் அப்போது குறைந்தது, எல்லாம் இல்லை.

பிறகு நெட் போய்விட்டது. நான் சாதாரண மெசேஜைத் திறந்து அண்ணனின் புது நம்பருக்கு எழுதினேன். குழுவில் இல்லை, அவனுக்கு மட்டும்.

"அண்ணே, நீ சாப்டியா?"

அவன் பதில் எழுதினால் அது அவன் ஃபோனில் பச்சையாகத்தான் போகும். போகட்டும்.

பதில் இன்னும் வரவில்லை. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் இது.